உடற்பயிற்சி மூளையை வளர்க்குமா? நிரூபணமானதும் இன்னும் ஆகாததும்

“உடற்பயிற்சி செய்தால் மூளை வளரும், மறதிநோய் வராது என்று ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்களாமே, இதில் எவ்வளவு உண்மை? 64 வயதில் சர்க்கரை நோயோடு இருக்கும் என் அம்மா இனிமேல் தொடங்கினால் பயன் உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அம்மாவைப் பற்றிய கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: பயன் உண்டு. தயங்காமல் தொடங்கச் சொல்லுங்கள். மூளையைப் பற்றிய கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொன்னால் அது தவறான பதிலாகிவிடும். நான் உடலியங்கியல் கற்பிப்பவன். மாணவர்களிடம் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: உடற்பயிற்சி பற்றிய எந்த ஆய்வைப் படித்தாலும், “இங்கே எது காரணம், எது விளைவு?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடப்பவர் நலமாக இருக்கிறார் என்றால், நடப்பதால் நலமாக இருக்கிறாரா, நலமாக இருப்பதால்தான் அவரால் நடக்க முடிகிறதா? இந்தத் துறையின் எழுபது ஆண்டு வரலாறே இந்த ஒரு கேள்வியோடு நடந்த மல்லுக்கட்டுதான். அந்த வரலாற்றைக் கொஞ்சம் சொன்னால், எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது உங்களுக்கே தெளிவாகிவிடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் மாரடைப்பு வேகமாகப் பெருகியது. காரணம் புலப்படவில்லை. ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர், செய்யும் தொழிலுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று தேடத் தொடங்கினார். லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 31,000 பேரின் பதிவுகள் அவர் கைக்குக் கிடைத்தன. லண்டனில் அப்போது ஓடியவை மாடிப் பஸ்கள். ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதியை இருக்கையிலேயே கழிப்பார். நடத்துநரோ டிக்கெட் கொடுப்பதற்காக நாளெல்லாம் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குவார். ஒரு பணிநாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார்கள் என்று மாரிஸ் குழுவினர் கணக்கிட்டார்கள். இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே சாலையில், ஏறத்தாழ ஒரே சமூகப் பின்னணியோடு வேலை செய்பவர்கள். 1953இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. இதய ரத்தக்குழாய் நோய் ஓட்டுநர்களில் ஆண்டுக்கு 1,000 பேரில் 2.7 பேருக்கும், நடத்துநர்களில் 1.9 பேருக்கும் வந்தது. நோய் வந்தவர்களிலும் ஓட்டுநர்களே விரைவில் இறந்தார்கள்.

ஓட்டுநருக்கு நெரிசலில் வண்டி ஓட்டும் மன அழுத்தம் அதிகம், அதனால்தான் நோய் வருகிறது என்று ஒருவர் சொல்லலாம். மாரிஸ் அதையும் எதிர்பார்த்திருந்தார். அஞ்சல் துறையை எடுத்துக்கொண்டு, நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டுபோன தபால்காரர்களை, உட்கார்ந்து வேலை செய்த எழுத்தர்களோடும் தொலைபேசி இயக்குநர்களோடும் ஒப்பிட்டார். அங்கும் அதே வேறுபாடு தென்பட்டது.

ஆனால் நான் மாரிஸை மதிப்பதற்குக் காரணம் அவர் அடுத்துச் செய்த வேலை. தன்னுடைய முடிவைத் தானே சந்தேகித்தார். ஒருவேளை பருமனானவர்கள்தான் ஓட்டுநர் வேலைக்கே வருகிறார்களோ? இதைச் சோதிக்க அவர் தேடிப்போனது போக்குவரத்து நிர்வாகம் ஊழியர்களுக்குத் தைத்துக்கொடுத்த சீருடைகளின் அளவுக் குறிப்புகளை. கால்சட்டையின் இடுப்பளவை வயதுவாரியாக ஒப்பிட்டபோது, ஓட்டுநர்களின் இடுப்பு எல்லா வயதிலும் பெரிதாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களிடமே அந்த வேறுபாடு தெரிந்தது. தம் கருத்துக்குச் சங்கடம் தரும் இந்தத் தகவலை 1956இல் அவர்களே வெளியிட்டார்கள். ஒரே இடுப்பளவு கொண்டவர்களுக்குள்ளும் ஓட்டுநர்களுக்கே ஆபத்து கூடுதலாக இருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. எனினும் பஸ் ஆய்வு மட்டும் ‘நிரூபணம்’ ஆகாது என்பது அப்போதே புரிந்துவிட்டது. ஒருவர் தானாகத் தேர்ந்துகொள்ளும் பழக்கத்தைக் கவனிப்பது ஒரு வகை. ஆய்வாளரே சிலரைப் பயிற்சியில் ஈடுபடுத்தி, சிலரை ஈடுபடுத்தாமல் விட்டு ஒப்பிடுவது வேறு வகை. இந்த இரண்டாவது வகைதான் பெரும்பாலும் சந்தேகத்தைத் தீர்க்கும்.

உடலைப் பொறுத்தவரை அத்தகைய சோதனைகள் ஏராளம். அவற்றுள் ஒன்று மிகச் சிறியது, ஐந்தே பேர். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். உடல் உச்ச உழைப்பில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு, இதயமும் தசையும் எவ்வளவு திறனோடு இருக்கின்றன என்பதற்கு மிக நல்ல அளவுகோல். மூன்று வாரத்தில் அது நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. பிறகு சுமார் எட்டு வாரக் கடும் பயிற்சி கொடுத்ததும் மீண்டது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். உடல் எடை கூடியிருந்தது, கொழுப்பு இரட்டிப்பாகியிருந்தது. ஆனாலும், முப்பது ஆண்டு முதுமை பறித்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை பறித்த திறனே அதிகம்! பின்னர் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தபோது ஐம்பது வயதில் அவர்களின் ஆக்சிஜன் திறன் இருபது வயதில் தொடங்கிய அளவுக்குத் திரும்பியது. ஐந்து பேரை வைத்து உலகுக்கே விதி எழுத முடியாதுதான். ஆனால் முதுமை என்று நாம் ஏற்றுக்கொள்ளும் தளர்ச்சியில் கணிசமான பங்கு இயக்கமின்மையால் வந்தது என்ற எண்ணத்துக்கு இந்தச் சோதனை அடித்தளமிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாளே நோயாளியை எழுந்து நடக்கச் சொல்லும் இன்றைய மருத்துவமனை வழக்கத்துக்குப் பின்னால் இருப்பதும் இந்த அறிவுதான்.

தசைக்குள் என்ன நடக்கிறது என்பதும் நன்றாகத் தெரியும். 1967இல் ஜான் ஹாலோஸி எலிகளை ஓடவைத்து, தசை அணுக்களுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாக்களின் திறன் பெருகுவதைக் காட்டினார். உங்கள் அம்மாவுக்கு அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. சாதாரணமாக ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் தசைக்குள் நுழைய இன்சுலின் வேண்டும். நீரிழிவில் இந்த வழிதான் மந்தமாகிறது. தசை சுருங்கி விரியும்போதோ, குளுக்கோஸை உள்ளே இழுக்கும் புரதம் இன்சுலினின் உதவி இல்லாமலேயே அணுவின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. இன்சுலினுக்கு உடல் சரிவரப் பணியாத நோயாளியிடமும் இந்த இரண்டாவது வழி வேலை செய்கிறது. அதற்கு மேல், ஒருமுறை பயிற்சி செய்தால் ஓரிரு நாள் வரை தசை இன்சுலினுக்கும் நன்றாகப் பணிகிறது. பயிற்சியில் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று நீரிழிவு மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். உணவுக்குப் பின் கால்மணி நேரம் நடந்தால் சர்க்கரை ஏறும் உச்சம் தணிவதும் இந்த வழியில்தான்.

இதில் நம் ஊருக்கே உரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும்; ஒன்றுக்கு உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும்; ஒன்றுக்கு மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை; ஒன்றுக்கு இரண்டும். மூன்று ஆண்டுகளில் முதல் குழுவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. வாழ்க்கைமுறையை மாற்றிய குழுவில் அது 39.3 சதவீதம், மாத்திரைக் குழுவில் 40.5, இரண்டையும் பெற்றவர்களில் 39.5. நடையும் உணவுமாகச் சேர்ந்து மாத்திரைக்கு நிகராக நின்றன என்பது ஒருபுறம். மறுபுறம், வாழ்க்கைமுறைக் குழுவினரின் எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. இருந்தும் நீரிழிவு குறைந்தது. “மூன்று மாதமாக நடக்கிறேன், ஒரு கிலோகூட இறங்கவில்லை” என்று சோர்ந்துபோய் நிறுத்திவிடுகிறவர்கள் எத்தனை பேர்! எடை பார்க்கும் இயந்திரம் காட்டாத மாற்றங்கள் தசையிலும் கல்லீரலிலும் ரத்தக்குழாயிலும் நடந்துகொண்டிருக்கின்றன. எடை குறைக்கப் பயிற்சி மட்டும் அவ்வளவாக உதவாது, அது பெரும்பாலும் தட்டில் தீர்மானமாகும் விஷயம். அதற்காக நடையை நிறுத்தக் கூடாது.

அண்மையில் வந்த இன்னொரு சோதனையையும் சொல்லத்தான் வேண்டும். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரைப் பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சேர்த்து, பாதிப் பேருக்கு மூன்று ஆண்டு மேற்பார்வையோடு உடற்பயிற்சித் திட்டம் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு நலக் கையேடு மட்டும். 2025இல் முடிவு வெளியானது. எட்டு ஆண்டு முடிவில் பயிற்சிக் குழுவில் 90.3 சதவீதம் பேரும் மற்றதில் 83.2 சதவீதம் பேரும் உயிரோடிருந்தார்கள். ஒரு புதிய மருந்து இந்த அளவு பலன் தந்திருந்தால் உலகம் கொண்டாடியிருக்கும். இதில் குழுக்களைப் பிரித்தவர்கள் ஆய்வாளர்களே என்பதால், நலமானவர்கள்தான் பயிற்சிக்கு வந்தார்கள் என்ற மறுப்புக்கு இடமில்லை.

இனி மூளைக்கு வருகிறேன். மூளை வளரும் என்ற பேச்சு தொடங்கியது எலிகளிடம். 1999இல் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ஹென்ரியட் வான் பிராக், ஃபிரெட் கேஜ் ஆகியோர், கூண்டில் சுழல் சக்கரம் வைத்து, ஓட விரும்பிய சுண்டெலிகளை ஓடவிட்டார்கள். நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் புதிய நரம்பணுக்கள் ஓடாத எலிகளைவிட மிக அதிகமாக உருவாகியிருந்தன. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, ஓடும் எலிகளின் மூளையில் நரம்பணுக்களைப் பேணும் பி.டி.என்.எஃப். என்ற புரதம் கூடுகிறது என்று வேறொரு குழு காட்டியிருந்தது. எலிகளைப் பொறுத்தவரை இவை பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்ப உறுதியான முடிவுகள்.

மனிதர்களில்? 2011இல் வந்த ஓர் ஆய்வைத்தான் காணொளிகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை வாரம் மூன்று நாள் 40 நிமிட நடைக்குப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். மற்றதற்கு உடலை நீட்டி மடக்கும் மென்பயிற்சிகள். ஓராண்டுக்குப் பின் ஸ்கேன் எடுத்தபோது நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. காணொளிகள் இதுவரை சொல்வது உண்மை. அவை சொல்லாமல் விடுவது இதுதான்: நினைவாற்றல் சோதனையில் இரு குழுக்களுமே முன்னேறின, நடந்தவர்கள் மற்றவர்களைவிட மேலாக வரவில்லை. மேலும், ஸ்கேனில் ஓரிடம் பெருத்துத் தெரிவதால் அங்கே புதிய நரம்பணு பிறந்தது என்று பொருளில்லை. ரத்தக்குழாய்கள் பெருகினாலும், உள்ள அணுக்களின் கிளைகள் அடர்ந்தாலும், நீர்ச்சத்து மாறினாலும்கூட அப்படித் தெரியலாம். வளர்ந்த மனிதரின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணு பிறக்கிறதா என்பதே தீராத வழக்கு. 2018 மார்ச்சில் ஒரு குழு, குழந்தைப் பருவத்துக்குப் பின் அதற்கான தடயமே இல்லை என்றது. அடுத்த மாதமே இன்னொரு குழு, எழுபது வயதைக் கடந்தவர்களிலும் ஆயிரக்கணக்கில் காண்கிறோம் என்றது. இரண்டும் தரமான இதழ்களில் வந்தவை.

பெரிய சோதனை ஒன்றும் நடந்தது. அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையுள்ள, அதிகம் நடமாடாத 1,600க்கும் மேற்பட்ட முதியவர்களில் பாதிப் பேரை இரண்டு ஆண்டு மிதமான பயிற்சியில் ஈடுபடுத்தினார்கள். நடமாட்டத் திறன் இழப்பு தெளிவாகக் குறைந்தது. சிந்தனைத் திறனிலோ, நலக் கல்வி வகுப்பு மட்டும் பெற்ற குழுவோடு ஒப்பிட வேறுபாடு தெரியவில்லை. உடலுக்கு உறுதியான பலன், மூளைக்குத் தெளிவில்லாத விடை: ஒரே சோதனையில் இரண்டையும் பார்க்கலாம்.

மறதிநோய் வராமல் தடுக்குமா என்பதில்தான் காரணமா விளைவா என்ற சிக்கல் முழு வேகத்தில் திரும்பி வருகிறது. சுறுசுறுப்பானவர்களுக்கு மறதிநோய் குறைவு என்று பல கவனிப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேரைச் சராசரியாக 27 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2017இல் வேறொரு சித்திரத்தைக் காட்டியது. மறதிநோய் வந்தவர்களைப் பின்னோக்கிப் பார்த்தால், நோய் கண்டறியப்படுவதற்கு ஒன்பது ஆண்டு முன்பிருந்தே அவர்களின் உடலியக்கம் குறையத் தொடங்கியிருந்தது. மறதி வந்தது நடக்காததால் அல்ல, மறதி மெல்லத் தொடங்கியதால்தான் நடை குறைந்தது என்றும் இதைப் படிக்கலாம். குறுகிய காலம் மட்டும் பின்தொடரும் ஆய்வுகள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகின்றன.

அப்படியானால் மூளைக்குப் பயனே இல்லையா? இருக்கிறது என்றே நம்புகிறேன், ஆனால் வேறு வழியாக. மறதிநோயின் ஆபத்தைக் கூட்டுகிற, ஆனால் நாம் மாற்றியமைக்க இயலும் 14 காரணிகளை 2024இல் ‘லான்செட்’ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் பட்டியலிட்டது. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, உடற்பருமன், கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, சமூகத் தனிமை ஆகியவற்றோடு உடலியக்கமின்மையும் அதில் உண்டு. இவற்றில் எத்தனையை ஒரு நடைப்பழக்கம் தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் காப்பதே மூளையைக் காப்பதில் பெரும்பங்கு. ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயதுள்ள 1,260 பேரில் பாதிப் பேருக்கு உணவு, பயிற்சி, மூளைக்கான பயிற்சிகள், ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு ஆண்டு கொடுத்தபோது சிந்தனைத் திறனில் சிறிதானாலும் உண்மையான மேம்பாடு தெரிந்தது. அதில் பயிற்சியின் பங்கை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியாது. பிரிக்க வேண்டிய தேவை உங்கள் அம்மாவுக்கும் இல்லை.

மனநிலையைப் பற்றிய சான்றுகள் இதைவிடப் பலமானவை. 1999இல் டியூக் பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வு நோய் கொண்ட, 50 வயதைக் கடந்த 156 பேரில் சிலருக்குப் பயிற்சி, சிலருக்கு செர்ட்ரலின் மாத்திரை, சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். மாத்திரை முதலில் விரைவாக வேலை செய்தது. 16 வாரத்தில் மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்தன. 2024இல் 218 சோதனைகளைத் தொகுத்த ஓர் ஆய்வில் நடை, ஓட்டம், யோகா, எடைப் பயிற்சி எல்லாமே மனச்சோர்வைக் குறைத்தன, அவற்றுள் பல சோதனைகளின் தரம் சுமார்தான் என்றாலும். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: மாத்திரை எடுத்துக்கொள்பவர் இதைப் படித்துவிட்டு அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஓடியபின் வரும் இனிய மயக்கத்துக்கு, வலியைத் தணிக்க உடலே சுரக்கும் எண்டார்ஃபின் காரணம் என்று பாடப்புத்தகங்களில் இன்னும் எழுதுகிறார்கள். எண்டார்ஃபினின் வழியை மருந்தால் அடைத்துவிட்டு ஓடவைத்தபோதும் ஓடியவர்களுக்கு அந்த மகிழ்ச்சி வந்தது என்று 2021இல் ஜெர்மனியில் காட்டினார்கள். உடல் தானே சுரக்கும் கஞ்சா போன்ற வேதிப்பொருள்கள்மீது இப்போது சந்தேகம் திரும்பியிருக்கிறது.

“இந்த வயதில் இனி எதற்கு” என்று அம்மா சொன்னால் பாஸ்டன் முதியோர் இல்லத்துக் கதையைச் சொல்லுங்கள். மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் 1990இல் வெளியிட்ட ஆய்வு அது. 86 முதல் 96 வயது வரையுள்ள, நலிந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். தொடைத் தசையின் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. இருவர் கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கினார்கள். தொண்ணூறு வயதிலும் தசை பயிற்சிக்குப் பதில் சொல்கிறது என்பதை அதுவரை யாரும் இவ்வளவு துணிவாகச் சோதித்ததில்லை. 64 வயது, இதன் முன்னால், இளமை!

நம் வீடுகளில் நடைப்பயிற்சியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், தசை வலிமையைப் பற்றிப் பெண்களிடம் யாரும் பேசுவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழும் மூதாட்டிகளில் பலரைத் தொடையில் இருந்திருக்க வேண்டிய வலிமை காப்பாற்றியிருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியோடு, இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு உடல் சமநிலைப் பயிற்சிகளையும் சேர்த்துச் சொல்கிறது.

பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்ற இலக்கு அம்மாவை மிரட்டினால் அதை விட்டுவிடுங்கள். அது 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரோடு பரவிய எண். சராசரி 72 வயதுள்ள 16,741 அமெரிக்கப் பெண்களை வைத்து 2019இல் வந்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. இதுவும் கவனிப்பு ஆய்வுதான், மாரிஸின் சந்தேகம் இங்கும் பொருந்தும். ஆனாலும் ஒன்றுமே செய்யாதவர் கொஞ்சம் செய்யத் தொடங்கும்போதுதான் பலன் மிக அதிகம் என்பதைப் பல வகை ஆய்வுகளும் ஒரே குரலில் சொல்கின்றன.

ஆகவே அம்மா சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம், பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் நடக்கட்டும். வாரம் இரண்டு மூன்று நாள், உறுதியான நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழட்டும். ஐந்து முறையில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். முழங்கால் தேய்மானம் இருந்தாலும் தொடைத் தசையை வலுவாக்குவதே முதல் சிகிச்சை என்பதால் லேசான வலிக்குப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கால் மரத்துப்போகும் தொல்லை இருந்தால் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் தினமும் நீங்களே பாருங்கள். இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரையோ எடுத்துக்கொள்கிறார் என்றால், நடை கூடும்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிடக்கூடும். தொடங்குமுன் மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டாம், கையில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ எப்போதும் இருக்கட்டும்.